புது மேனேஜரும் ஐம்பது ஷில்லிங் சூட்டும்

1940 மே 10, வெள்ளிக்கிழமை. அன்னிக்குக் காலையில்தான் ஹிட்லரின் படைகள் ஹாலந்துக்குள்ளும் பெல்ஜியத்துக்குள்ளும் நுழைந்தன. அன்னிக்குச் சாயங்காலமே லண்டனில் பிரதமர் மாறினார். நெவில் சேம்பர்லின் போனார், வின்ஸ்டன் சர்ச்சில் வந்தார். இது வரைக்கும் பாடப்புத்தகத்தில் இருக்கும். அதே நாள் வெளியுறவுத் துறை அலுவலகத்தில் நாலு பேர் ஒரு ஷாம்பெயின் பாட்டிலைத் திறந்து, வேலையை விட்டுப் போன பிரதமரின் நலத்துக்காகக் குடித்தாங்க. இது பாடப்புத்தகத்தில் இருக்காது.

அவங்க சொன்ன வாசகத்தில் ஒரு பழைய குத்தல் உண்டு. பிரிட்டனில் ஒரு காலத்தில் பதவி இழந்த ராஜா ஒருத்தர் கடல் தாண்டி ஓடிப்போனார். அவரோட ஆட்கள் விருந்துகளில் 'தண்ணிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ராஜாவுக்கு' என்று ரகசியமாகக் கோப்பையைத் தூக்குவாங்களாம். உண்மையான ராஜா அவர்தான், இப்ப சிம்மாசனத்தில் இருக்கிறவர் போலி என்று அர்த்தம். அதே வாசகத்தைத்தான் இந்த நாலு பேரும் சேம்பர்லினுக்காகச் சொன்னாங்க. மூணு பேர் அரசியல்வாதிகள். நாலாவது ஆளுக்கு வயசு 25, பெயர் ஜான் கோல்வில். பிரதமர் அலுவலகத்தில் உதவித் தனிச் செயலாளர். அதாவது யாரைப் போலின்னு சொல்லி ஷாம்பெயின் குடித்தாரோ, அவர்தான் இனிமேல் இவருக்கு பாஸ்.

புது மேனேஜர் வந்தால் எப்படி ஒத்துப்போறது என்பதற்கு இணையத்தில் ஆயிரம் அட்வைஸ் கிடைக்குது. முதல் வாரமே ஒன்-ஆன்-ஒன் போடுங்க, எதிர்பார்ப்பைக் கேட்டு எழுதி வச்சுக்கோங்க, அந்த மாதிரி. எனக்கு அதையெல்லாம் படிக்கிறதைவிட, ஒரு நிஜமான உதவியாளர் ஒரு நிஜமான பாஸோட பதினஞ்சு வருஷம் எப்படிக் குப்பை கொட்டினார் என்று பார்ப்பதில்தான் ஆர்வம். கோல்வில் இதுக்கு வசதியான ஆள். ஏன்னா அவர் டைரி எழுதினார். போர்க்காலத்தில் பிரதமர் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு டைரி எழுதுறது விதிப்படி கூடாது. ஆனாலும் எழுதி, அலுவலக மேசை டிராயரிலேயே பூட்டி வைத்தார். 1985-இல் அது புத்தகமாக வந்தது. முதல் நாள் வெறுப்பிலிருந்து கடைசி நாள் வரைக்கும் அதில் இருக்கு.

முதல்ல, ஏன் அவ்வளவு வெறுப்பு? சர்ச்சிலுக்கு அப்போ 65 வயசு. இன்னிக்கு நமக்குத் தெரிந்த இரண்டு விரல், சிலை எல்லாம் அப்போ கிடையாது. லண்டன் அதிகாரிகள் வட்டாரத்தில் அவருக்கு இருந்த பெயர், புத்திசாலி ஆனால் நம்ப முடியாத ஆள் என்பதுதான். இரண்டு தடவை கட்சி மாறியவர். 1915-இல் கலிப்போலி படையெடுப்பைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பதவியே இழந்தவர். 1940 வசந்தத்தில் நார்வேயில் பிரிட்டன் சொதப்பியபோது கடற்படை அமைச்சராக இருந்தவரும் இவரே. அந்த நார்வே தோல்வி பற்றி நாடாளுமன்றத்தில் நடந்த விவாதத்தில்தான் சேம்பர்லின் விழுந்தார். சொதப்பலில் பங்கு இருந்தவருக்கே பிரமோஷன்! கோல்வில் இடத்தில் யார் இருந்தாலும் கடுப்பாகத்தான் இருந்திருக்கும்.

இதோட வர்க்கமும் சேர்ந்துகொண்டது. கோல்வில் அரண்மனைக்குப் பக்கத்தில் வளர்ந்த பையன். அம்மா ராணி மேரியின் பரிவாரத்தில் இருந்தவர். சின்ன வயசில் இவரே அரசர் ஐந்தாம் ஜார்ஜுக்குச் சடங்குகளில் ஏவலராக நின்றிருக்கிறார். ஹாரோ பள்ளி, கேம்பிரிட்ஜ், 1937-இல் வெளியுறவுத் துறை, 1939 அக்டோபரில் பிரதமர் அலுவலகம். எல்லாம் ஒழுங்காக, நேரத்துக்கு, தாழ்ந்த குரலில் நடக்கிற உலகம் அது. சேம்பர்லினும் அப்படித்தான் வேலை செய்வார். சர்ச்சில் உள்ளே வரும்போது தன்னோட ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். கடற்படை அமைச்சகத்திலிருந்து எரிக் சீல், ஜான் பெக் என்ற செயலாளர்கள், சொந்த டைப்பிஸ்ட் கேத்லீன் ஹில், இதுபோக பிரெண்டன் பிராக்கன், பேராசிரியர் லிண்டெமன் மாதிரி நெருங்கிய வட்டம். கம்பெனி மாறி வரும் மேனேஜர் பழைய டீமிலிருந்து நாலு பேரைக் கூட்டிவந்தால், ஏற்கெனவே இருக்கிறவர்களுக்கு வயிற்றில் ஒரு புளி கரையுமே, அதுதான்.

பிரிட்டனில் ஒரு ஏற்பாடு உண்டு, அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை புரியாது. அங்கே பிரதமரின் தனிச் செயலாளர்கள் கட்சிக்காரர்கள் கிடையாது, அரசு அதிகாரிகள். பிரதமர் மாறினாலும் நாற்காலி அப்படியே இருக்கும். நேற்று வரை ஒருத்தருக்கு விசுவாசமாக இருந்துவிட்டு, இன்னிக்குக் காலையில் அவரைக் கவிழ்த்தவருக்கு அதே விசுவாசத்தோட ஃபைலை நீட்டணும். கேட்க நல்லாத்தான் இருக்கு. மனுஷன் மனசு அவ்வளவு சீக்கிரம் ஷிஃப்ட் மாறாது.

கோல்வில் என்ன செய்தார்? ஒரு சூட் வாங்கினார். 'ஐம்பது ஷில்லிங் டெய்லர்ஸ்' என்று மலிவு விலை ரெடிமேட் கடைச் சங்கிலி ஒன்று லண்டனில் இருந்தது. அங்கே கண்ணைப் பறிக்கிற நீலத்தில் ஒரு சூட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். மலிவாவும் பகட்டாவும் இருக்கு, புது அரசாங்கத்துக்கு இதுதான் பொருத்தம் என்ற ரீதியில் டைரியில் குறிப்பும் எழுதினார். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். நேரடியாக எதிர்க்க முடியாத ஊழியன் செய்யும் கிண்டல் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் இருக்கும்போல. நாம ஸ்லாக்கில் ஒரு எமோஜியோட நிறுத்திக்கிறோம், அவர் துணி எடுத்தே செய்தார்.

இரண்டு வாரத்தில் அந்தச் சூட் போய் பழைய கருநிற சூட் திரும்பி வந்தது. அந்த இரண்டு வாரத்தில் என்ன நடந்தது என்பதுதான் விஷயம். சர்ச்சில் இவரைக் கூப்பிட்டு மனம் விட்டுப் பேசினாரா? இல்லை. இவர் போய் மன்னிப்புக் கேட்டாரா? அதுவும் இல்லை. வேலை நடக்கிற விதம் மாறியது. அதைப் பக்கத்திலிருந்து பார்த்து இந்த இளைஞர் மாறினார்.

எப்படி மாறியது என்று கொஞ்சம் விலாவாரியாகச் சொல்றேன். சர்ச்சில் காலையில் படுக்கையை விட்டு எழுந்திருக்க மாட்டார். எட்டு மணிக்கு விழிப்பார். படுக்கையிலேயே தலையணையில் சாய்ந்துகொண்டு, பக்கத்தில் ஃபைல் பெட்டியைத் திறந்து வைத்து, மதியம் வரை அங்கேயே வேலை. டைப்பிஸ்ட் ஒருத்தர் சத்தம் போடாத டைப்ரைட்டரோட உட்கார்ந்திருப்பார். இவர் சொல்லச்சொல்ல நேரடியாக அடிக்கணும், சுருக்கெழுத்துக்கெல்லாம் நேரமில்லை. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு தூக்கம். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் புதுசாக ஒரு நாள் ஆரம்பிக்கும், ராத்திரி இரண்டு மணி வரைக்கும் போகும். ஒருத்தர் இரண்டு ஷிஃப்ட் பார்க்க, சுத்தி இருக்கிறவங்கதான் முறை வைத்துத் தூங்கணும். ஆன்-கால் டூட்டி பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அப்புறம் அந்தச் சிவப்புச் சீட்டு. 'ஆக்‌ஷன் திஸ் டே' என்று அச்சடித்தது. இன்னிக்கே முடிக்கணும் என்ற குறிப்பின் மேல் அதை ஒட்டி அனுப்புவார். மேலிருந்து ஒரு சீட்டு வந்தால், கீழே அஞ்சு துறைகளில் ராத்திரி விளக்கு அணையாது. மரியாதைப்பட்ட அதிகாரிகள் தாழ்வாரத்தில் நிஜமாகவே ஓடுவதைப் பார்க்க முடிந்தது, அலுவலக நேரம், வார விடுமுறை என்பதெல்லாம் காணாமல் போச்சு என்று கோல்வில் பிற்பாடு எழுதியிருக்கிறார். அந்த மே மாதக் கடைசியில்தான் டன்கர்க். மூன்று லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களைக் கடற்கரையிலிருந்து கப்பலிலும் படகிலும் மீட்டுக் கொண்டுவந்தாங்க. பிரான்ஸ் கண்முன்னால் சரிந்துகொண்டிருந்தது. அப்படி ஒரு நேரத்தில், முடிவெடுக்கத் தயங்காத ஒருத்தர் மேலே இருக்கிறார் என்பதே பெரிய ஆறுதல். கோல்வில் சர்ச்சிலின் குணத்தைப் பார்த்து மயங்கினார் என்பதைவிட, தான் கொண்டுபோன காகிதத்துக்குப் பதில் வந்ததைப் பார்த்துத்தான் மயங்கினார் என்பது என் கணிப்பு.

உதவியாளர்கள் பக்கம் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். அந்த ஃபைல் பெட்டிதான் அவங்களோட இன்டர்ஃபேஸ். எந்தக் காகிதம் எங்கே இருக்கணும் என்று அதுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. உடனே பார்க்க வேண்டியது மேலே ஒரு தனி உறையில். தந்திகள் ஒரு உறை, கையெழுத்துக்குக் காத்திருப்பவை ஒரு உறை, நிதானமாக வார இறுதியில் படிக்க வேண்டியவை இன்னொன்று. எது 'மேல் உறை'க்குப் போகணும் என்று முடிவெடுப்பது செயலாளர். பிரதமர் எதை முதலில் பார்ப்பார் என்பதை ஒரு 25 வயசுப் பையன் தீர்மானிக்கிறான்! தப்பான காகிதத்தை மேலே வைத்தால் திட்டு, வைக்க வேண்டியதைக் கீழே வைத்தால் அதைவிடப் பெரிய திட்டு. இந்தத் தேர்வு சரியாக அமைய அமையத்தான் நம்பிக்கை வந்தது. ஒரு பாஸுக்கு எது அவசரம், எது அவசரம் மாதிரி தெரிகிற வெத்துவேட்டு என்பதைக் கண்டுபிடிக்கிறதுதான் உதவியாளர் வேலையின் பாதி. அதை யாரும் டாக்குமென்ட் எழுதித் தர மாட்டாங்க.

சில்லறை விதிகளும் உண்டு. சர்ச்சிலுக்குக் குண்டூசி, ஜெம் கிளிப், ஸ்டேப்ளர் பின் எதுவும் ஆகாது. காகிதத்தில் ஓட்டை போட்டு டேக் கோர்க்கணும். நம்ம அரசு ஆபீஸ் ஃபைல்களில் நூலும் இரண்டு முனையில் தகரமுமாக இருக்குமே, அதேதான். ஓட்டை போடும் பஞ்சிங் மெஷின் எழுப்பும் சத்தத்தை வைத்து அதுக்கு 'க்ளாப்' என்று அவரே பெயர் வைத்திருந்தார். கேத்லீன் ஹில் சேர்ந்த புதுசில் ஒரு நாள், 'க்ளாப் எடுத்துட்டு வா' என்றார் சர்ச்சில். அந்த அம்மா அலமாரியெல்லாம் தேடி, க்ளாப் என்ற ஜெர்மன் வரலாற்று ஆசிரியர் எழுதிய பல தொகுதிப் புத்தகத்தை மூச்சு வாங்கத் தூக்கிக்கொண்டு வந்தார். சிரிப்பாகத்தான் இருக்கு. ஆனால் ஒவ்வொரு டீமிலும் புதுசா வருபவருக்குப் புரியாத இப்படி நாலு சொல் இருக்கும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிகிற சூழ்நிலை இருக்கா என்பதுதான் கேள்வி. அங்கே இருந்த மாதிரி தெரியவில்லை.

1941-இல் எலிசபெத் லேட்டன் என்ற இளம்பெண் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தார். முதல் டிக்டேஷன். வரிக்கு வரி இரட்டை இடைவெளி விட்டு அடிக்கணும் என்பது விதி, அவர் ஒற்றை இடைவெளியில் அடித்துவிட்டார். சர்ச்சில் காகிதத்தைப் பார்த்ததும் முட்டாள் என்ற அளவில் திட்டி அறையை விட்டே வெளியே அனுப்பினார். அந்தப் பெண் திரும்பி வந்தார், போர் முடியும் வரை இருந்தார், பிற்பாடு மிகுந்த பாசத்தோட ஒரு புத்தகமும் எழுதினார். ரசிகர்கள் இந்தக் கதையை 'பாருங்க, கோபம் இருக்கிற இடத்தில் குணம் இருக்கும்' என்று முடிப்பாங்க. நான் அப்படி முடிக்க மாட்டேன். கோல்வில்லும் லேட்டனும் ஒரே பாஸிடம் வேலை செய்தாலும் ஒரே இடத்தில் இல்லை. கோல்வில் அதே மேசையில் ராத்திரிச் சாப்பாடு சாப்பிடுவார், பேச்சில் கலந்துகொள்வார். லேட்டன் கார் ஓடும்போதுகூட மடியில் நோட்டுப் புத்தகத்தோட இருப்பார். திட்டு வாங்கினால் கோல்வில்லுக்கு அது டைரியில் ஒரு சம்பவம். வேலையை நம்பியிருக்கும் டைப்பிஸ்டுக்கு அது ராத்திரித் தூக்கம்.

இந்தத் திட்டு விஷயத்தில் அந்த வீட்டில் ஒருத்தர்தான் வாயைத் திறந்தார். சர்ச்சிலின் மனைவி கிளெமென்டைன். 1940 ஜூன் 27-ஆம் தேதி கணவருக்கு ஒரு கடிதம் எழுதினார். முதலில் ஒன்று எழுதிக் கிழித்துப்போட்டுவிட்டு, மறுபடியும் எழுதியது. விஷயம் இதுதான்: உங்களோட முரட்டுத்தனமான, ஏளனமான பேச்சால் கூட வேலை செய்பவர்கள் உங்களை வெறுக்க ஆரம்பிக்கிற ஆபத்து இருக்கு என்று ஒரு நண்பர் என்னிடம் சொன்னார். உங்கள் செயலாளர்கள் பள்ளிக்கூடத்துப் பசங்க மாதிரி, திட்டும்போது வாங்கிக்கொண்டு வெளியே வந்து தோளைக் குலுக்கிவிட்டுப் போகிற முடிவுக்கு வந்திருக்காங்களாம். கூட்டங்களில் யாராவது யோசனை சொன்னால் நீங்கள் மட்டம் தட்டுவதால், இனி நல்லதோ கெட்டதோ எந்த யோசனையும் வராது.

கடைசி வரியைக் கவனிங்க. அந்த அம்மா மரியாதை பற்றி மட்டும் பேசவில்லை, தகவல் பற்றிப் பேசுறார். போர் நடக்குது. கீழே இருப்பவன் பயந்து வாயை மூடிக்கொண்டால் மேலே இருப்பவனுக்கு நிலவரம் தெரியாது. நான் வேலை பார்க்கும் துறையில் இதைத் தினமும் பார்க்கலாம். திட்டு விழும் மீட்டிங்கில் எல்லா டாஸ்க்கும் பச்சை நிறத்தில்தான் இருக்கும், ரிலீஸ் அன்னிக்குத்தான் சிவப்பாகும். ஆனால் அந்தக் கடிதத்தில் இன்னொரு செய்தியும் ஒளிந்திருக்கு. கோல்வில்லும் மற்ற செயலாளர்களும் அதைத் தாங்களே சொல்லவில்லை. ஒரு நண்பர் வழியாக, மனைவி வழியாகச் சுற்றிப் போய்ச் சேர்ந்தது. கோல்வில்லுக்கும் சர்ச்சிலுக்கும் உறவு நல்லபடியாக அமைந்தது என்று எல்லாருமே எழுதுறாங்க. நல்லபடி என்றால் எந்த அளவுக்கு? முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாத விஷயம் ஒன்று அதுக்குள்ளேயே இருந்தது.

சர்ச்சில் பக்கத்திலும் பூட்டு உண்டு. மற்ற பெட்டிகளையெல்லாம் செயலாளர்கள் திறக்கலாம். மங்கின மஞ்சள் நிறப் பெட்டிகள் சில வரும். அதன் சாவி சர்ச்சிலிடம் மட்டும். அதில் வந்தவை ஜெர்மனியின் ரகசியச் செய்திகளை உடைத்துப் படித்த நகல்கள். பெட்டியைக் கொண்டுபோய் வைக்கலாம், உள்ளே பார்க்க முடியாது. கோல்வில் அதுக்காக முறைத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. பாஸுக்கு நெருக்கம் என்றால் எல்லாம் தெரியணும் என்று நினைக்கிறவங்க இந்தப் பெட்டியை ஞாபகம் வச்சுக்கலாம்.

1941 வாக்கில் கோல்வில்லுக்கு வேறு அரிப்பு. வயசுப் பசங்க எல்லாம் சண்டையில், நான் மட்டும் ஃபைல் தூக்கிக்கொண்டு இருக்கேனே என்று. விமானப்படையில் சேரணும் என்று கேட்டார். சர்ச்சில் விட மனசில்லாமல் இழுத்தார், கடைசியில் விட்டார். கண் பார்வை சரியில்லாததால், அந்தக் காலத்துக்கு ரொம்பப் புதுசான கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு பைலட் ஆனார். அக்டோபரில் கிளம்பியவரை 1943 கடைசியில் திரும்ப அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டாங்க. 1944-இல் நார்மண்டிப் படையெடுப்பு நேரத்தில் மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பறந்துவிட்டு வந்தார். போகணும் என்பவரைப் போக விட்டதால்தான் அவர் திரும்பி வந்தார் என்று எனக்குத் தோணும்.

இவர் லண்டனில் இல்லாத அந்த 1943-இல்தான் வங்காளத்தில் பஞ்சம். செத்தவர்கள் ஏறக்குறைய 30 லட்சம். கேட்ட அளவு தானியத்துக்குக் கப்பல் ஒதுக்க சர்ச்சிலின் அமைச்சரவை திரும்பத் திரும்ப மறுத்தது. இந்தியாவுக்குப் பொறுப்பான அமைச்சர் ஏமரி மன்றாடியும் பெரிசாக நகரவில்லை. இந்த எபிசோடைக் கேட்கும் உங்களில் பாதிப் பேர் இந்நேரம் 'இந்த ஆளைப் பற்றியா இவ்வளவு நேரம் பேசுறே' என்று நினைத்திருப்பீங்க. நியாயம்தான். அங்கேதான் வர்றேன்.

1945 பிப்ரவரியில் பிரதமரின் கிராமத்து மாளிகையான செக்கர்ஸில் ஒரு ராத்திரி. குண்டுவீச்சு விமானப்படைத் தலைவர் ஹாரிஸ் விருந்தாளி. பேச்சு இந்தியா பக்கம் போனது. இந்துக்களை இழிவான இனம் என்றார் சர்ச்சில். பெருகிக்கொண்டே இருப்பதால்தான் அழிவிலிருந்து தப்பிக்கிறார்கள் என்றார். ஹாரிஸ் தன்னிடம் மிச்சமிருக்கும் விமானங்களை அனுப்பி அவர்களை அழித்தால் தேவலை என்ற அர்த்தத்திலும் சர்ச்சில் பேசினார். இது நமக்கு எப்படித் தெரியும்? கோல்வில் டைரியில் இருக்கு. அந்த ராத்திரியின் மற்ற பேச்சுகளோட ஒரு பேச்சாக எழுதி வைத்திருக்கிறார்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் சர்ச்சிலைக் கிண்டல் பண்ண சூட் வாங்கிய அதே கை. அந்தக் கையிடம் இந்த இடத்தில் ஒரு நக்கலை எதிர்பார்த்தேன். வேலை உறவு நன்றாக அமைந்துவிட்டால் மனுஷனுக்கு முதலில் மழுங்குவது இதுதான்னு நினைக்கிறேன். பாஸ் சொல்வது எல்லாம் 'அவர் அப்படித்தான் பேசுவார்' என்ற உறைக்குள் போய்விடும். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கு. விசுவாசம் மட்டுமே இருந்திருந்தால் அந்த வாக்கியத்தை எழுதியே இருக்க மாட்டார், எழுதினாலும் 1985-இல் அச்சில் விட்டிருக்க மாட்டார். இன்னிக்கு சர்ச்சிலுக்கும் இந்தியாவுக்குமான கணக்கை எழுதுகிற ஒவ்வொருத்தரும் அந்த டைரிக்குத்தான் வர்றாங்க. அவரோட மிக விசுவாசமான உதவியாளர்தான் அவருக்கு எதிரான சாட்சியும்.

1945 ஜூலைத் தேர்தலில் சர்ச்சில் தோற்றார். லேபர் கட்சியின் கிளெமென்ட் அட்லி வந்தார். அதே நாற்காலி, மூன்றாவது பாஸ். கோல்வில் சில மாதம் அவரிடமும் வேலை பார்த்தார். இந்த முறை ஷாம்பெயின் எதிர்ப்பெல்லாம் இல்லை. அட்லி அளந்து பேசுகிறவர், காகிதத்தை வேகமாகப் படித்து முடித்துவிடுவார், மரியாதையாக நடத்துவார். கோல்வில்லுக்கு அதில் குறை எதுவும் தெரியவில்லை. சுகமான பாஸைப் பற்றி டைரி எழுத அதிகம் ஒன்றும் இருக்காது போல. அப்புறம் இரண்டு வருஷம் இளவரசி எலிசபெத்துக்குத் தனிச் செயலாளர், பிறகு மறுபடி வெளியுறவுத் துறை.

1951-இல் சர்ச்சில் ஜெயித்துத் திரும்பி வந்தார், 77-ஐ நெருங்கிக்கொண்டிருந்தார். வந்ததும் கோல்வில்தான் வேணும் என்றார். முதன்மைத் தனிச் செயலாளர் பதவியில் ஏற்கெனவே டேவிட் பிட்பிளாடோ என்ற அதிகாரி இருந்தார். அவரைத் தூக்க முடியாது. சரி, இரண்டு பேர் சேர்ந்து பார்க்கட்டும் என்று ஒரே பதவியில் இரண்டு பேரை உட்கார வைத்தாங்க.

1953 ஜூன் 23. இத்தாலியப் பிரதமருக்கு டவுனிங் தெரு வீட்டில் விருந்து. முடியும் நேரத்தில் சர்ச்சிலுக்குப் பக்கவாதம் தாக்கியது. மறுநாள் காலை எப்படியோ நாற்காலியில் உட்கார்ந்து அமைச்சரவைக் கூட்டத்தையே நடத்திவிட்டார், பெரும்பாலானவர்களுக்குப் பிடிபடவில்லை. அதற்கடுத்த நாள் கிராமத்து வீட்டுக்குக் கொண்டுபோனாங்க. நிலைமை மோசமானது, பிழைப்பாரா என்று டாக்டருக்கே சந்தேகம். அடுத்த வாரிசு என்று எல்லாரும் நினைத்த அந்தோணி ஈடன் ஆபரேஷனுக்காக அமெரிக்காவில் படுத்திருந்தார். தன் நிலைமை வெளியே தெரியக் கூடாது என்று சர்ச்சில் கோல்வில்லிடம் சொன்னார்.

கோல்வில் மூணு பேருக்கு எழுதினார். கேம்ரோஸ், பீவர்புரூக், பிராக்கன். மூணு பேரும் பத்திரிகை உலகப் பெரும்புள்ளிகள், சர்ச்சிலின் நண்பர்கள். லண்டன் பத்திரிகை எதிலும் ஒரு வரி வரவில்லை. டாக்டர்கள் எழுதிய அறிக்கையில் மூளை ரத்த ஓட்டம் பற்றி இருந்த சொற்களை மூத்த அமைச்சர்கள் எடுத்துவிட்டு, ஓய்வு தேவை என்று மட்டும் வெளியிட்டாங்க. அந்த வாரங்களில் பிரதமருக்கு வந்த காகிதங்களுக்குப் பதில் சொன்னது யார்? கோல்வில்லும் சர்ச்சிலின் மருமகன் கிறிஸ்டோபர் சோம்ஸும். இந்த விஷயத்தில் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று இருவருக்கும் தெரியும், அதையே சொல்லி அனுப்பினாங்க. சோம்ஸாவது நாடாளுமன்ற உறுப்பினர். கோல்வில்லுக்கு யாரும் ஓட்டுப் போடவில்லை.

ஒரு உதவியாளருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. பாஸ் இல்லாமலே பாஸ் மாதிரி யோசிக்க முடிகிறது. மேல் உறையில் எதை வைப்பது என்று தொடங்கிய பயிற்சி, அந்த உறைக்குப் பதிலையும் தானே எழுதும் இடத்தில் வந்து நின்றது. அதே சமயம், ஒரு அணுகுண்டு நாட்டின் மக்களுக்குத் தங்கள் பிரதமர் பேசவும் நடக்கவும் திணறுகிறார் என்பது தெரியாது. எனக்கு இதில் நிம்மதி இல்லை. இவர்கள் அதிகாரத்துக்கு ஆசைப்பட்டார்கள் என்று சொல்ல முடியாது. பாஸ் மேல் இருந்த அன்பில்தான் செய்தார்கள். அன்பில் செய்ததால்தான் நடுவில் யாரும் நின்று 'இது நம்ம வேலையா' என்று கேட்கவில்லை.

சர்ச்சில் பிழைத்தார். அக்டோபரில் கட்சி மாநாட்டில் நின்று பேசினார். அதற்கப்புறமும் ஒன்றரை வருஷம் பதவியில் இருந்தார், ஈடன் காத்துக்கொண்டே இருந்தார். 1955 ஏப்ரல் 4-ஆம் தேதி ராத்திரி, ராஜினாமாவுக்கு முந்தின நாள், அரசி எலிசபெத்துக்கு டவுனிங் தெருவில் விருந்து. விருந்தாளிகள் போன பிறகு சர்ச்சில் மாடியில் தன் அறைக்குப் போனார். கோல்வில்லும் கூடவே போனார். பதக்கங்கள், பட்டை, முழங்கால் வரை நிற்கும் சடங்கு உடை எதையும் கழற்றாமல் கிழவர் படுக்கையில் உட்கார்ந்தார். சில நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் திடீரென்று வேகத்தோட, அந்தோணியால் இது முடியும்னு தான் நம்பவில்லை என்றார்.

அடுத்த பிரதமராக ஈடன் வந்தபோது கோல்வில் அந்த நாற்காலியில் தொடரவில்லை. அரசு வேலையையே விட்டுவிட்டு, லண்டனில் ஒரு வணிக வங்கியில் சேர்ந்துவிட்டார்.